குடிக்காதவளின் மன்னிப்புக் கடிதம்

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு அடியில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியை அள்ளிப் போடுவதற்கென்று ஒப்பந்தம் எடுத்திருந்தது வெற்றிக்கனல் சர்வீசஸ். கரியை அள்ளுவது பெண்கள். மற்றதையெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொண்டது. மற்றது என்றால் குழுக்கள். பாதுகாப்புக் குழு இருந்தது, பசுமைக் குழு இருந்தது, சிக்கனக் குழு இருந்தது, சிக்கனக் குழு கூடும்போது ஆகிற டீ, போண்டா செலவைக் கண்காணிக்க இன்னொரு குழுவும் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது மது ஒழிப்பு நலவாழ்வுக் குழு. அதன் செயலாளர் குமரவேல் மதுவின் வாடையே அறியாதவர் என்று சொல்ல முடியாது. அலுவலக நேரத்தில் அறியாதவர்.

அந்தக் குழுவுக்கு உயிர்நாடி ஒரு கருவி. கேட்டில் செக்யூரிட்டி மருதாசலத்தின் கையில் அது இருக்கும். குழாயில் வாய் வைத்து ஊதினால், குடிக்காதவருக்குப் பச்சை விளக்கும் குடித்தவருக்குச் சிவப்பு விளக்கும் எரியும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்து, பொட்டிட்டு, ஒரு முழம் கதம்பமும் சாத்தினார்கள். யார் யாரை ஊதச் சொல்லலாம் என்பதற்கு விதிகள் இருந்தன. தள்ளாடி வருகிறவர்களைச் சோதிக்கக் கூடாது, கருவியைத் தட்டிவிட்டு உடைத்தால் யார் பதில் சொல்வது? டிரைவர்களைச் சோதிக்கக் கூடாது, மாட்டிக்கொண்டால் வண்டியை யார் ஓட்டுவது? சூப்பர்வைசர்களைச் சோதிப்பது மரியாதை இல்லை. மிச்சம் இருந்த ஆண்கள் ஊதினார்கள், பச்சை எரிந்தது. அதனால் வெற்றிக்கனலில் குடிகாரரே கிடையாது என்று முடிவாகி, சென்னையிலிருக்கும் தூய மூச்சு அறக்கட்டளை வருஷா வருஷம் வந்து விருது கொடுத்துவிட்டுப் போனது.

நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளையெல்லாம் ஊருக்குள் நகர்த்திய வருஷத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. விருதுக்கான விண்ணப்பத்தில் அறக்கட்டளை புதிதாக இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிட்டது. பெண்களையும் சோதிக்கிறீர்களா? இதுவரை எத்தனை பேரைத் திருத்தியிருக்கிறீர்கள்? குமரவேலுக்கு இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. குடிகாரரே இல்லாத இடத்தில் யாரைத் திருத்துவது? கடைசியில் குழு கூடி, பாலின சமத்துவத்தை உடனடியாக அமல்படுத்துவதென்று தீர்மானம் போட்டது. பெல்ட் அருகில் பெண்களுக்கு நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால்தான் ஒதுங்க வேண்டும். ஆனாலும் எங்கேயாவது ஓரிடத்தில் சமத்துவத்தைத் தொடங்கித்தானே ஆக வேண்டும். மூச்சில் தொடங்கினார்கள்.

அதில் முதலில் மாட்டியவள் பொற்கொடி.

பொற்கொடி வளையமாதேவிப் பக்கத்துக்காரி. அவள் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். நட்ட கைக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்பதால், இவளுக்கென்று இந்த உலகத்தில் பெயர் எழுதி, போட்டோ ஒட்டி, முத்திரை குத்திய சொத்து ஒன்றே ஒன்றுதான். வெற்றிக்கனல் கொடுத்த கேட் பாஸ். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். இரண்டில் எது சோறு போடுகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. புருஷன் ராஜாங்கம் வாங்குகிற கூலியைச் சாயங்காலமே கடையில் கொடுத்துவிட்டு வருகிறவன். அப்பனையும் குடிக்குக் கொடுத்தவள் அவள். பொற்கொடி குடியைத் திட்ட ஆரம்பித்தால் தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து அடுத்த தெருவுக்குப் போகும்.

அவளுக்கு அந்த மாதம் இரண்டு நோய். கரித்தூசியால் இருமல், பெல்ட்டடியில் வைத்திருந்த டிரம் தண்ணீரால் பேதி. கேட்டை ஒட்டினாற்போல் நிறுவனத்தின் மருந்தகம் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் தமிழ்மாறன் வருவார். செவ்வாய்க்கிழமை அவள் இருமினாள், இருமல் மிக்சர் எழுதினார். வெள்ளிக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பேதிக்கு மாத்திரை எழுதினார். ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை நோய் வேறு, வெள்ளிக்கிழமை நோய் வேறு என்பது அவருடைய வழக்கம்.

அந்த மிக்சருக்கு ஒரு முன்கதை உண்டு. முன்பெல்லாம் பெண்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து அதை வாங்கிப் போவார்கள். வாங்கிப் போன வீடுகளில் புருஷன்மார்களுக்கு இருமல் கண்டது. ராஜாங்கம் ஒரு ராத்திரி முழுக்க இருமி, பொழுது விடிவதற்குள் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டான். குடித்த ஆண்கள் எல்லாரும் பாட்டுப் பாடுகிறார்கள் என்று செய்தி வந்ததும் மது ஒழிப்புக் குழு அவசரமாகக் கூடி ஒரு விதி செய்தது. இனிமேல் மிக்சர் வீட்டுக்குப் போகக் கூடாது. ஷிப்டுக்கு வரும்போது மருந்தக ஜன்னலில் நின்று, கம்பவுண்டர் ஊற்றித் தருகிற மூடியை அவர் கண்ணெதிரில் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு, அப்படியே கேட்டுக்குள் போக வேண்டும். நல்ல விதிதான். ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் மட்டுமே இருந்தது.

பேதியால் இரண்டு நாள் வேலைக்கு வராமல் கிடந்த பொற்கொடி திங்கட்கிழமை காலை வீட்டில் பேதி மாத்திரையை விழுங்கினாள். ஜன்னலில் மிக்சரைக் குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள். வேப்பமரத்தைத் தாண்டினாள். மருதாசலம் கையை நீட்டி மறித்தார்.

"யம்மா, நில்லு. ஊதிட்டுப் போ."

"நானா? இன்னாத்துக்குண்ணே?"

"இன்னியிலேர்ந்து பொம்பளைங்களும் ஊதணும்னு ஆர்டரு. சமத்துவமாம்."

"சமத்துவம்னா மொதல்ல பெல்ட்டாண்ட ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லு."

"அது வேற கமிட்டி. நீ ஊது."

ஊதினாள். சிவப்பு எரிந்தது. கருவி வாங்கி வந்த நாளிலிருந்து எரியாத விளக்கு அது. கூடவே கீச்சென்று ஒரு சத்தமும் போட்டது. அப்படியொரு சத்தம் அதற்குள் இருப்பதே மருதாசலத்துக்குத் தெரியாது. பயந்துபோய்க் கருவியை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். குமரவேல் வரும்வரை பொற்கொடியை ஓரமாக நிற்க வைத்தார்கள். நின்றுகொண்டிருக்கும்போதே அவளுக்குக் காது மடல் சுட்டது. முகமும் கழுத்தும் அனலாகச் சிவந்தன. நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது, தலை கிறுகிறுத்தது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். செத்துவிடுவோம் என்றுதான் நினைத்தாள். அதே நேரம் வந்து சேர்ந்த குமரவேல் அவள் சிவந்த முகத்தைப் பார்த்தார், வாந்தியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஆளில் பதில் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளால் தலை நிமிர்ந்து உட்கார முடிந்ததும் விசாரணை தொடங்கியது. கேட் பாஸை முதலில் கழற்றி வாங்கி மேஜை டிராயரில் போட்டார்கள். குமரவேல் மிகவும் அன்பாகப் பேசினார்.

"பயப்படாதம்மா. நாங்க தண்டிக்கிறவங்க இல்ல, திருத்துறவங்க. 'நான் குடித்துவிட்டுப் பணிக்கு வந்தேன், மன்னிக்கவும், திருந்திவிட்டேன்'னு ஒரு கடிதம். அவ்ளோதான். கையெழுத்துப் போட்டா பாஸ் இப்பவே உன் கையில. விருது விழாவுல மேடையில ஏத்தி சால்வை போடுவோம்."

"நான் குடிக்கலியே சார்."

"குடிக்காதவங்களுக்கு எங்ககிட்ட எந்தத் திட்டமும் இல்லம்மா."

"சார், பெத்த புள்ளைங்க மேல சத்தியம். நான் அந்தக் கருமத்தத் தொட்டதே இல்ல. உங்க ஜன்னல்ல குடுத்த மருந்தக் குடிச்சிட்டு வந்தேன், அவ்ளோதான்."

குமரவேல் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதைத்தான் நாங்க மறுப்பு நிலைன்னு சொல்றோம். குடிச்சேன்னு சொல்றவன் ஆரம்ப நிலை. கொஞ்சமா குடிச்சேன்னு சொல்றவன் நடு நிலை. குடிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்றவன்தான் முத்தின கேஸு. உன் வீட்டுக்காரரைக் கேட்டா என்ன சொல்வாரு?"

ராஜாங்கம் தினமும் குடிக்கவே இல்லை என்றுதான் சத்தியம் செய்வான், அதுவும் பெற்ற பிள்ளைகள் மேல்தான். ஒரு நிமிஷம் பொற்கொடிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் அந்தச் சந்தேகத்தின் மேல் கோபம் வந்தது.

"குடிக்காதவ குடிச்சேன்னு எழுத முடியாது சார். பாஸைக் குடுங்க."

"கடிதம் கொடு. பாஸ் தர்றேன்."

"டாக்டரக் கேளுங்க."

"டாக்டர் செவ்வாய், வெள்ளிதான் வருவார். இன்னைக்குத் திங்கள். விசாரணை இன்னைக்குத்தானே நடக்குது?"

விசாரணையின் அடுத்த கட்டம் ஜாமீன். குடித்தவரின் குடும்பத்திலிருந்து குடிக்காத ஒருவர் வந்து உறுதிமொழி தர வேண்டும். ராஜாங்கத்துக்கு ஆள் அனுப்பினார்கள். கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றதும் அவனுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. நடுக்கத்துக்கு ஒரு குவார்ட்டர் போட்டுக்கொண்டு, பதினோரு மணிக்கு வெயிலில் மிதந்து வந்தான். கேட்டில் மருதாசலம் அவனை மேலும் கீழும் பார்த்தார். தொழிலாளிகளைத்தான் ஊதச் சொல்ல வேண்டும், ஜாமீன்தாரர்களைப் பற்றி ஆர்டர் இல்லை. போதாததற்குத் தள்ளாடி வேறு வந்தான். உள்ளே அனுப்பினார்.

ராஜாங்கம் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டு, விஷயத்தைக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் கண்ணில் தண்ணீர் ஊறியது.

"பொற்கொடி, வேணாம் பொற்கொடி," என்றான். "குடி குடும்பத்த அழிச்சிப்பூடும். நான் எத்தினி வூட்டப் பாத்திருக்கேன். புள்ளைங்க மூஞ்சியப் பாரு. உட்டுடு."

அறையே உருகிவிட்டது. குமரவேல் எழுந்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். "உங்களை மாதிரி ஒரு கணவர் கிடைக்க இந்தம்மா கொடுத்து வச்சிருக்கணும்," என்று சொல்லி, அவனோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். வாடை அடித்தது வாஸ்தவம். அது பொற்கொடியிடமிருந்து வருவதாகக் குறித்துக்கொண்டார்கள்.

உறுதிமொழி வாசகம் ஆண்களுக்காக எழுதியது. "என் மனைவியின் தாலி மீது ஆணையாக இனி மதுவைத் தொட மாட்டேன்" என்று பொற்கொடி சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு ஏது சார் பொண்டாட்டி?"

"வாசகத்தை மாத்தணும்னா கமிட்டி கூடணும்மா. கோரம் இல்ல, ஆளு பத்தாது. இப்போதைக்கு அப்படியே சொல்லு."

"நான் எதையும் சொல்ல மாட்டேன். இவரச் சொல்லச் சொல்லுங்க, இவருக்குத்தான் பொருந்தும்."

ராஜாங்கம் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, முழு உறுதிமொழியையும் கணீரென்று சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் பொற்கொடி அவனுக்குக் கொடுத்த கை தட்டல் வேறு மாதிரி இருந்தது. மருதாசலம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை இல்லாமல் நாட்கள் போயின. தெருவில் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. மளிகைக்கடைக்காரர், "உடம்பப் பாத்துக்க," என்றார், அதுவரை ஒருநாளும் சொல்லாதவர். பெல்ட்டில் அவளுடன் கரி அள்ளும் சாமியம்மாள் ஒரு சாயங்காலம் வந்து, அரிசிப் பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்காருவதற்குள் மூன்று முறை இருமினாள்.

"யக்கா, எழுதிக் குடுத்துட்டு வந்துடேன். ஒரு கடுதாசிதானே? உன் எடத்துக்கு வேற ஆளு எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க."

"நெசமா குடிச்சிருந்தா எழுதிக் குடுத்துட்டு சிரிச்சிகினே வேலைக்கு வந்திருப்பேன் சாமி. எங்கப்பன் குடிச்சிட்டு எங்கம்மாவ மிதிச்சான். இவன் குடிச்சிட்டு எங்காசைத் தின்னுறான். இந்த ரெண்டு பேரு நடுவுல நான் ஒருத்தி சுத்தமா நின்னேன். எங்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் அவன் ஒரு கடுதாசியில எழுதி வாங்கிகினு போவானா?"

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சாமியம்மாள் அரிசிப் பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து இருமிவிட்டுப் போனாள்.

கடிதம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாட்டியவர் விழிப்புணர்வு வகுப்புக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. கூட்டம் நிறைந்த மாதிரி போட்டோ வேண்டுமே என்று, பெல்ட் பெண்கள் எல்லாரையும் ஷிப்டு முடிந்த கையோடு கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் பொற்கொடிக்குத் தனி நாற்காலி. அதன் முதுகில் 'பயனாளி' என்று ஒட்டியிருந்தது. டாக்டர் தமிழ்மாறன் திரையில் படங்களை ஓட்டிப் படிக்க ஆரம்பித்தார். எங்கிருந்தோ இறக்கிய படங்கள், அவரும் அன்றுதான் பார்க்கிறார்.

"மதுவும் மருந்தும் பகையாளிகள்," என்று படித்தார். "நாம் சாப்பிடுகிற மாத்திரையையும் குடிக்கிற மதுவையும் உடைப்பது ஒரே கல்லீரல். இரண்டும் ஒன்றாகப் போனால் அது திணறும். தூக்க மாத்திரையோடு குடித்தால் மூச்சே நின்று போகலாம். சர்க்கரை மாத்திரையோடு குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். காய்ச்சல் மாத்திரையை அளவு மீறிப் போட்டுக் குடியும் சேர்ந்தால் கல்லீரல் கெடும்." அடுத்த படம் வந்தது. "முக்கியமாக, பேதிக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரை. இதோடு மது சேர்ந்தால் முகம் சிவக்கும். நெஞ்சு படபடக்கும். தலை சுற்றும். வாந்தி வரும். செத்துவிடுவோமோ என்று பயம் வரும்."

பொற்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் கவனிக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனார்.

"மது என்றால் பாட்டிலில் இருப்பது மட்டும் அல்ல. டானிக், அரிஷ்டம், சில இருமல் மிக்சர்கள் ஆகியவற்றிலும் மது கலந்திருக்கும். ஆகவே மருத்துவர் இரண்டையும் சேர்த்து எழுதும் முன்..." அங்கே அவர் குரல் கொஞ்சம் தேய்ந்தது. தண்ணீர் குடித்தார். "அடுத்த படம்."

"சார், அந்தப் படத்துக்கே போங்க," என்றாள் பொற்கொடி. "எனக்கு ரெண்டையும் எழுதுனது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன?"

"நம்ம மிக்சர்ல சரக்கு இருக்குதா, இல்லியா?"

"சரக்குன்னு சொல்லக் கூடாது. மருந்தைக் கரைக்கிறதுக்குக் கொஞ்சம் ஆல்கஹால் தேவைப்படும். அது மது இல்ல."

"மெஷின் மதுன்னு சொல்லுதே."

டாக்டர் குமரவேலைப் பார்த்தார். குமரவேல் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிர்வாகத்தின் நிலையைத் தெளிவுபடுத்தினார். "இதுல குழப்பமே வேண்டாம். மூடியில இருக்கிற வரைக்கும் அது மருந்து. அதுக்கு டாக்டர் பொறுப்பு. வாய்க்குள்ள போயி மெஷின்ல வந்துட்டா அது மது. அதுக்குத் தொழிலாளி பொறுப்பு. நடுவுல அது எப்படி மாறுதுங்கறது மருத்துவ விஷயம், கமிட்டி அதுல தலையிடறது இல்ல."

"அப்ப மருந்த நான் வேணாம்னு சொல்லியிருக்கணுமா?"

"வேணாம்னு சொன்னா மருத்துவ ஒத்துழையாமை. அதுக்கு வேற நோட்டீஸ்."

பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் தினமும் அந்த ஜன்னலில் வாயைத் திறந்து காட்டுகிறவர்கள். பொற்கொடி மாட்டியதோடு விண்ணப்பக் கேள்விகளுக்குப் பதில் நிரம்பிவிட்டதால், அதற்கப்புறம் வேறெந்தப் பெண்ணையும் மருதாசலம் ஊதச் சொல்லவில்லை. அதாவது அத்தனை பேரும் குடித்துவிட்டுத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், ஒருத்திக்குத்தான் பெயர் வந்தது. வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் பொற்கொடி சாமியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். மற்றவர்களும் கூடவே போனார்கள். மருதாசலத்துக்கு இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

விருது விழா அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலை. கேட்டுக்கு எதிரிலேயே ஷாமியானா போட்டு, மேடையில் மைக் வைத்து, 'மதுவில்லா வளாகம்' என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அறக்கட்டளைத் தலைவி விஜயகுமாரி சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். பொற்கொடி கடிதம் தராததால் சால்வைக்கு ஆள் இல்லாமல் இருந்தது. குமரவேல் அதற்கும் வழி கண்டு, ஜாமீன்தாரராக வந்த ராஜாங்கத்தையே 'மனைவியைத் திருத்தப் போராடும் கணவர்' என்று கௌரவிப்பதாக ஏற்பாடு செய்திருந்தார். அவன் புதுச் சட்டை போட்டு, முன்வரிசையில் மின்விசிறிக்கு நேராக, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

காலை ஷிப்டுக்கு வந்த பெல்ட் பெண்கள் நேராக ஜன்னலுக்குப் போனார்கள். எல்லாரும் இருமினார்கள். கம்பவுண்டருக்கு அன்று மருந்து ஊற்றி மாளவில்லை. பேதி மாத்திரை சாப்பிடுகிறவள் யாரும் வரிசையில் நிற்கக் கூடாது என்று பொற்கொடி முன்கூட்டியே சொல்லி, ஒருத்தியைத் தனியாக உட்கார வைத்துவிட்டாள். மற்றவர்கள் மூடியைக் கவிழ்த்தார்கள், வாயைத் திறந்து காட்டினார்கள், வேப்பமரத்தைத் தாண்டினார்கள். கேட்டில் வந்து நின்றார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? உள்ள போங்க," என்றார் மருதாசலம்.

"ஊதணுமே," என்றாள் சாமியம்மாள்.

"இன்னைக்கு யாரையும் ஊத உடக் கூடாதுன்னு ஆர்டரு. விழா."

"சமத்துவம் இன்னிக்கி லீவா? ஊதாம உள்ள போனா நாளைக்கி எங்க பேர்ல குத்தம் சொல்லுவீங்க. எடுங்கண்ணே."

மருதாசலத்தின் பெண்டாட்டியும் இருமுகிறவள்தான். கருவியை எடுத்தார். சாமியம்மாள் ஊதினாள், சிவப்பு. அடுத்தவள் ஊதினாள், சிவப்பு. கீச், கீச் என்று கருவி கத்திக்கொண்டே இருந்தது. சிவப்பு எரிந்தவர் உள்ளே போகக் கூடாது என்பது விதி. அதனால் அவர்கள் விதிப்படி கேட்டின் குறுக்கே தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே நின்றிருந்த பொற்கொடியும் வந்து முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கரி சிந்திக்கொண்டிருந்தது. அள்ள ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் உருளைகள் சிக்கி பெல்ட் நின்றுவிட்டதாக மருதாசலத்தின் வாக்கி டாக்கி அலறியது.

குமரவேல் ஓடி வந்தார். கையில் பொற்கொடியின் கேட் பாஸ் இருந்தது.

"இந்தாம்மா உன் பாஸ். எல்லாரும் எழுந்திரிங்க. கடிதம் அப்புறமா பாத்துக்கலாம்."

"அப்புறம் இல்ல சார். நான் குடிச்சேனா, குடிக்கலியா? அதச் சொல்லுங்க. எழுந்துக்கறோம்."

"அதை இப்படி ரோட்டுல வச்சுச் சொல்ல முடியாது. நடைமுறை இருக்கு."

அதற்குள் விஜயகுமாரியின் கார் வந்து நின்றது. இறங்கியவர் பேனரைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தார். "இவங்க ஏன் உட்காந்திருக்காங்க?" என்று கேட்டார். குமரவேல் வாயைத் திறக்குமுன் மருதாசலம் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"எல்லாரும் பாசிட்டிவ் மேடம். ரூல்படி நிறுத்தி வச்சிருக்கேன்."

"எல்லாருமா? குடிச்சிருக்காங்களா?"

குமரவேலின் நிலைமையை யோசித்துப் பார்க்க வேண்டும். குடித்திருக்கிறார்கள் என்றால் விருது போகும். குடிக்கவில்லை என்றால் கருவி போகும், கமிட்டி போகும், இத்தனை நாள் செய்த விசாரணை போகும். அவர் மூன்றாவது வழி ஒன்று தேடினார்.

"அதாவது மேடம், இது ஒரு மாதிரி குடிச்சும் குடிக்காத நிலை. மருத்துவ ரீதியா..." என்று டாக்டரைத் தேடினார். வெள்ளிக்கிழமையாக இருந்தும் டாக்டரைக் காணோம்.

"குடிச்சிருக்காங்களா, இல்லையா?" விஜயகுமாரியின் குரல் ஏறியது. "நான் உள்ளே வரட்டுமா, திரும்பிப் போகட்டுமா?"

"குடிக்கல மேடம்! யாருமே குடிக்கல!" என்று கத்திவிட்டார் குமரவேல். "நாங்க குடுத்த இருமல் மருந்து மேடம்! அதுலதான் இருக்கு!"

பொற்கொடி தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் சார்?"

"நீயும்தாம்மா."

"பேரச் சொல்லுங்க சார்."

குமரவேல் சுற்றிலும் பார்த்தார். குழாயடிப் பெண்கள், மளிகைக்கடைக்காரர், டவுன்ஷிப் பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஊரே ஷாமியானா ஓரத்தில் கூடியிருந்தது. "பொற்கொடி குடிக்கல," என்றார் வாய்க்குள்ளேயே.

"மைக்கு அங்க இருக்குது சார்," என்றாள் பொற்கொடி. "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

விஜயகுமாரி மேடையைப் பார்த்தார், குமரவேலைப் பார்த்தார். பெண்கள் அசையவில்லை. வாக்கி டாக்கி இன்னொரு முறை அலறியது. குமரவேல் மெதுவாக மேடைப் படியேறி, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் கேட்கும்படி அதைச் சொன்னார்.